ஓபன் வாட்டர் முடித்தாயிற்று, அடுத்து என்ன? மீன் பார்க்கவும் படம் எடுக்கவும் இறங்குகிறவர்களின் கேள்விகள்

விடுமுறைக்கு அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ திருகோணமலைக்கோ போய், ஸ்கூபா கற்று, ஓபன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்று அட்டையோடு ஊர் திரும்பியவர்களுக்காக எழுதியது இது. "ஆழத்தில் போய்ச் சாதனை செய்யும் ஆசையெல்லாம் இல்லை. மீன் பார்க்கணும், நாலு நல்ல படம் எடுக்கணும். அதுக்கு என்ன கோர்ஸ்?" என்று கேட்பவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான்.

ஓபன் வாட்டர் அட்டையை வைத்துக்கொண்டே கேமராவோடு இறங்கக் கூடாதா?

சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. சில டைவ் மையங்கள் இத்தனை டைவ் முடித்திருந்தால்தான் கேமரா என்று சொல்லும், சில கண்டுகொள்ளாது. நான் கண்டுகொள்ளாத இடத்தில் இறங்கினேன். ஹேவ்லாக் தீவில் (2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள்) என் ஆறாவது டைவ். வாடகைக்கு ஒரு ஆக்‌ஷன் கேமரா. 12 மீட்டரில் ஒரு கடல் சாமந்தியும் அதில் இரண்டு கோமாளி மீன்களும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஃபின்ஸைப் (காலில் மாட்டும் துடுப்பு) பிடித்து இழுத்தபோதுதான் நிமிர்ந்தேன். பயிற்றுநர் கீழே இருந்தார், நான் 6 மீட்டரில் மிதந்துகொண்டிருந்தேன். எப்போது மேலே வந்தேன் என்றே தெரியவில்லை. கீழே நான் இருந்த இடத்தில் ஒரே மணல் புகை. டேங்கில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கியவன், 25 நிமிடத்தில் 70-க்கு வந்திருந்தேன். படங்களைக் கரையில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி வால்கள். போகிற மீனின் வால்.

அன்றைக்குக் குறை கேமராவில் இல்லை. நிற்கத் தெரியாதவன் கையில் அதைக் கொடுத்ததுதான் தவறு.

அப்படியானால் முதல் பயிற்சி எது?

மிதப்புக் கட்டுப்பாடு. டைவர்கள் பயன்சி என்பார்கள். பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனத்தில் இதற்குப் பீக் பெர்ஃபார்மன்ஸ் பயன்சி என்று பெயர், இன்னொரு நிறுவனமான எஸ்.எஸ்.ஐ.யில் (SSI) பெர்ஃபெக்ட் பயன்சி. இரண்டே டைவ்தான். புகைப்படக் கோர்ஸுக்கும் கேமராவுக்கும் முன்னால் பணத்தை இதில் போடுங்கள்.

தரையில் படம் எடுப்பவருக்கு முக்காலி இருக்கிறது. தண்ணீருக்குள் உங்கள் நுரையீரல்தான் முக்காலி. ஒரு லிட்டர் காற்றைக் கூடுதலாக இழுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ மேலே தூக்கும், விட்டால் இறக்கும். மூச்சுக்கும் உடல் நகர்வதற்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி தாமதம் உண்டு. புதியவர்களுக்கு அந்தத் தாமதம் பிடிபடாது. மேலே போகிறோம் என்று தெரிந்ததும் பதறி பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கும் மிதப்புச் சட்டை) இருந்து காற்றை விடுவார்கள், விழுவார்கள், மறுபடி காற்றை ஏற்றுவார்கள். லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். நல்ல பயிற்றுநர் அந்தத் தாமதத்தை உங்கள் உடம்புக்குப் பழக்கிவிடுவார்.

இரண்டாவது, ஈயக்கட்டி எடை. பாதிப் பேர் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள், ஏனென்றால் முதல் கோர்ஸில் எளிதாக அமிழட்டும் என்று இரண்டு கிலோ சேர்த்தே கொடுத்திருப்பார்கள். சோதிப்பது சுலபம். டைவ் முடிந்து டேங்கில் 50 பார் மிச்சம் இருக்கும்போது, தண்ணீர் மட்டத்தில் நிமிர்ந்து நில்லுங்கள். பிசிடி காற்று முழுவதையும் விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சை இழுத்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். கல் மாதிரி போனால் எடை அதிகம். ஒவ்வொரு கிலோவாகக் கழற்றுங்கள்.

மூன்றாவது கால். மேலும் கீழும் அடிக்கிற சாதாரண உதை மணலைக் கிளப்பும். முழங்காலை மடக்கி, தவளை மாதிரி பக்கவாட்டில் தள்ளும் உதையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னோக்கி நீந்தவும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் நல்லது. படம் எடுக்க நெருங்கிப் போனவன் பவளத்தில் கையை ஊன்றாமல் திரும்பி வர அதுதான் வழி.

பாடியா, எஸ்.எஸ்.ஐ.யா?

(பாடி என்று எழுதினால் சென்னைக்காரர்களுக்கு மேம்பாலம்தான் ஞாபகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒன்றின் அட்டையை இன்னொன்று ஏற்றுக்கொள்கிறது, உலகம் முழுக்க இரண்டும் செல்லும். பெயரில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. பாடியில் ஐந்து டைவில் முடிவது அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர். எஸ்.எஸ்.ஐ.யில் அந்த ஐந்து டைவ் பயிற்சிக்கு அட்வான்ஸ்டு அட்வெஞ்சரர் என்று பெயர். அங்கே அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர் டைவர் ஆக நான்கு சிறப்புப் பயிற்சியும் 24 டைவும் வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். மற்றபடி, நிறுவனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், சொல்லிக்கொடுப்பவரைப் பாருங்கள்.

அட்வான்ஸ்டு எடுக்கச் சொல்லி மையத்தில் வற்புறுத்துகிறார்கள். மீன் பார்ப்பதற்கு அது எதற்கு?

ஆழத்துக்காக என்றால் தேவையில்லை. ஓபன் வாட்டருக்கு 18 மீட்டர் எல்லை, அட்வான்ஸ்டுக்கு 30. ஆனால் பவளமும் மீனும் வெளிச்சமும் சேர்ந்து கிடைப்பது பெரும்பாலும் முதல் 15 மீட்டரில்தான். 28 மீட்டரில் எல்லாம் நீலச் சாம்பல், நேரமும் குறைவு.

ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. பாடியின் ஐந்து டைவில் ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றும் உங்கள் விருப்பம். அந்த மூன்றை மையத்தின் வசதிக்கு விட்டுவிடாதீர்கள். மிதப்பு, மீன் அடையாளம், புகைப்படம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தச் சிறப்புப் பயிற்சியின் முதல் டைவாகவும் கணக்கில் சேரும், பிறகு வேண்டுமானால் தொடரலாம். கட்டாயமாக வரும் திசையறிதலை அலட்சியம் செய்யாதீர்கள். திசைகாட்டி பார்க்கத் தெரிந்தால்தான் நேற்றுப் பார்த்த அதே கடல் சாமந்திக்கு இன்றைக்கும் போக முடியும்.

தண்ணீருக்கடியில் படம் எடுப்பதற்கென்று தனிக் கோர்ஸ் உண்மையில் தேவையா?

தரையில் நன்றாகப் படம் எடுப்பவருக்கும் ஒரு தடவை தேவைப்படும், ஏனென்றால் அங்கே கற்றது இங்கே காலை வாரும். தண்ணீர் வெளிச்சத்தைத் தின்னும், அதுவும் வரிசையாகத் தின்னும். சுமார் 5 மீட்டரில் சிவப்பு மங்கும், அப்புறம் ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள். 15 மீட்டரில் விரல் கீறி ரத்தம் வந்தால் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். இந்த இழப்பு மேலிருந்து கீழே மட்டும் நடப்பதில்லை, உங்களுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரிலும் நடக்கிறது. அதனால்தான் தண்ணீருக்கடியில் ஜூம் பயன்படாது. நெருங்கித்தான் போக வேண்டும், கை எட்டும் தூரத்துக்கு.

அடுத்தது துகள். கேமராவோடு ஒட்டியிருக்கும் ஃப்ளாஷை அடித்தால் நடுவில் மிதக்கும் தூசெல்லாம் பளிச்சென்று விழுந்து, படம் மழையில் எடுத்தது போல ஆகிவிடும். வெளிச்சத்தைக் கைநீட்டித் தள்ளி, பக்கவாட்டிலிருந்து கொடுக்க வேண்டும். மூன்றாவது, கோணம். நாம் மேலே மிதப்பதால் மீனின் முதுகையே எடுக்கிறோம். அதன் கண் மட்டத்துக்கு, முடிந்தால் அதற்கும் கீழே இறங்கி, நீலத் தண்ணீரைப் பின்னணியாக வைத்து எடுங்கள்.

பார்த்தீர்களா, கோர்ஸின் சாரத்தைச் சொல்லிவிட்டேன். நீங்கள் அங்கே காசு கொடுப்பது இதைக் கேட்பதற்கு இல்லை. டைவ் முடிந்த மாலையில் உங்கள் படங்களை ஒருவர் திரையில் போட்டு ஒவ்வொன்றாகத் திட்டுவார் பாருங்கள், அதற்குத்தான். மாலை அமர்வு இல்லாத கோர்ஸ் என்றால் வேண்டாம்.

எந்தக் கேமரா?

முதல் இருபது டைவுக்கு எதுவும் வாங்காதீர்கள். அப்புறம், வீடியோ பிடித்தால் கோப்ரோ வகை. தண்ணீர் புகாத உறை இல்லாமல் 10 மீட்டர், அதற்கான உறையோடு 60 மீட்டர் தாங்கும். நகக்கண் அளவு உயிரினங்கள் பிடித்தால் ஒலிம்பஸ் டிஜி வரிசையைப் பாருங்கள் (இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது). லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். அது தானாக 15 மீட்டர் வரை தாங்கும் என்றாலும் ஸ்கூபாவுக்கு உறை போட்டே எடுத்துச் செல்லுங்கள். பெரிய கேமராவுக்கு உறை வாங்கினால், பல நேரம் உறையின் விலை கேமராவை மிஞ்சும்.

எதை வாங்கினாலும் உயிர்நாடி அந்த ரப்பர் வளையம்தான், ஓ-ரிங். என் முதல் உறை 8 மீட்டரில் நிரம்பியது. காரணம், வளையத்தின் குறுக்கே கிடந்த ஒரே ஒரு தலைமுடி, என்னுடையதே. இப்போதெல்லாம் முந்தின இரவே ஏசி அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரலில் கிரீஸைத் தொட்டு வளையத்தைச் சுற்றி வருடிப் பார்த்து மூடுகிறேன். ஏசி அறைக் காற்று வறண்டது, உள்ளே ஆவி படியாது. புது உறையை முதல் டைவுக்குக் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து இறக்குங்கள். தாள் காய்ந்தே வந்தால் அடுத்த டைவில் கேமராவை வையுங்கள். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பொத்தான்களை எல்லாம் அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்ற வேண்டும்.

படம் ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். பிடித்தபடி ஒரு மீட்டர் மேலே போனாலும் நுரையீரல் காற்று விரியும், காயம் படலாம். மெதுவாக விட்டுக்கொண்டே, விட்டு முடிகிற இடத்தில் அழுத்துங்கள். மீனும் அப்போதுதான் அருகில் வரும், குமிழிச் சத்தம்தான் அதை விரட்டுகிறது.

மீன் அடையாளம் காண ஒரு கோர்ஸா? புத்தகம் போதாதா?

நியாயமான கேள்வி. இரண்டு டைவில் நடக்கும் மீன் அடையாளப் பயிற்சியை நன்றாக நடத்துபவர் குறைவு. பலர் பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொடுத்து "பார்த்துக்கோங்க" என்று விடுவதோடு சரி. ஆனால் மீன் பித்துப் பிடித்த பயிற்றுநர் ஒருவர் மாட்டினால், இந்தப் பட்டியலில் இதுதான் உங்களை அதிகம் மாற்றும் பயிற்சி.

காரணம், பார்க்கும் ஒழுங்கை மாற்றும். நாம் நிறத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறோம். ஆழத்தில் நிறம் பொய் சொல்லும், கிளிமீன் போன்றவை வயதோடும் பாலோடும் நிறத்தையே மாற்றிக்கொள்ளும். முதலில் உருவத்தைப் பார்க்க வேண்டும், பிறகு வாயும் வாலும், அப்புறம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது, நிறம் கடைசியில்தான். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு முன்தொடக்கம் உண்டு. மீன் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழகியவர் என்றால் பாதிக் குடும்பங்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். களவா, பாறை, சீலா, ஓரா, நவரை, கிளாத்தி, பேத்தை, அஞ்சாலை, திருக்கை. நம் மீனவர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயர்கள், அதாவது உருவத்தைப் பார்த்து வைத்தவை. தாடைக்குக் கீழே இரண்டு மீசையால் மணலைக் கிளறிக்கொண்டு போனால் நவரை. அது எந்த நவரை என்பதைப் புத்தகம் சொல்லட்டும்.

வாயைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். பாறையில் ஓரிடத்தில் பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்கும். விரல் நீள, நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட துப்புரவு மீன் ஒன்று அவற்றின் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும். முடி திருத்தும் கடை மாதிரி வரிசை நிற்கும். அதே நிறம், அதே கோடு, அதே துள்ளல் நடையோடு இன்னொரு மீன் உண்டு. வாடிக்கையாளர் நம்பி நின்றால் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். நிறத்தை நம்பினால் நீங்களும் ஏமாறுவீர்கள். அசலின் வாய் மூக்கு நுனியில், போலியின் வாய் தாடைக்கு அடியில். இது தெரிந்த பிறகு அந்த ஒரே இடத்தில் இருபது நிமிடம் நிற்கலாம், காற்றும் மிச்சம், படமும் கிடைக்கும்.

குறிப்பெடுக்கச் சிலேட்டும் பென்சிலும் போதும், பென்சில் தண்ணீருக்கடியிலும் எழுதும். எண்ண வேண்டுமென்றால், 1993 முதல் தன்னார்வலர்களை வைத்து மீன் கணக்கெடுக்கும் ரீஃப் என்ற அமெரிக்க அமைப்பின் முறை எளிது: ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, அதற்கு மேல். அவ்வளவுதான். ஸ்கூபாவே இல்லாமலும் பழகலாம். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத் தீவில் முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் போட்டுக்கொண்டே கிளிமீனும் கருமுனைச் சுறாவும் பார்க்கலாம்.

இரவு டைவ் பயமாக இருக்கிறது. தவிர்க்கலாமா?

தவிர்க்கலாம், ஆனால் மீன் பார்ப்பவருக்கு நஷ்டம். பகலில் நீங்கள் பார்ப்பது முதல் ஷிஃப்ட், இருட்டியதும் ஆள் மாறுகிறது. சில கிளிமீன்கள் தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு பை பின்னி அதற்குள் தூங்கும். பகலில் துரத்தினாலும் கிடைக்காத மீன் அசையாமல் கிடக்கும். அதற்காக விளக்கை அதன் முகத்திலேயே அடித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஓரத்து வெளிச்சம் போதும். சிங்க மீன்கள் உங்கள் விளக்கு வெளிச்சத்திலேயே வேட்டையாடக் கற்றுவைத்திருக்கின்றன, பின்னாலேயே வரும்.

நைட்ராக்ஸ்?

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றுதான் இது. பெயரைக் கேட்டு ஆழத்துக்கான வாயு என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 32 சதவீதம் கலந்த டேங்கோடு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. லாபம், நடுவே நிறுத்தம் கட்டாயமில்லாமல் மேலே வர அனுமதிக்கும் தங்கும் நேரத்தில். பாடி அட்டவணைப்படி 18 மீட்டரில் காற்றோடு 56 நிமிடம், 32 சதவீதத்தோடு 95 நிமிடம். ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பவருக்கு இது வரம். ஆனால் 35 நிமிடத்தில் டேங்கைக் காலி செய்பவருக்கு 95 நிமிடம் கொடுத்து என்ன பயன்? முதலில் மூச்சு நிதானப்படட்டும். எடுக்கும்போது ஒரு நாள் வேலைதான். டேங்கில் எத்தனை சதவீதம் என்று நீங்களே அளந்து பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

ரெஸ்க்யூ கோர்ஸ் எல்லாம் எனக்கு எதற்கு?

படம் எடுப்பவர்கள்தான் மோசமான டைவ் ஜோடிகள். நான் உட்பட. கண் திரையில் இருக்கும், ஜோடி எங்கே என்று தெரியாது. அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்க்க, ஆபத்தில் இருக்கும் டைவரைக் காப்பாற்றும் இந்தப் பயிற்சியை எடுங்கள். பாடியில் இதற்கு அட்வான்ஸ்டோ, திசையறிதல் டைவோடு கூடிய அட்வெஞ்சர் டைவர் அட்டையோ வேண்டும், கடந்த 24 மாதத்துக்குள் பெற்ற முதலுதவிப் பயிற்சியும் வேண்டும்.

எங்கே, எந்த மாதத்தில்?

மிதப்பு கற்க எந்தக் கடலும் போதும். புகைப்படப் பயிற்சிக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். அந்தமானுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. இலங்கையில் கிழக்கும் மேற்கும் மாறி மாறித் திறக்கும். திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர், ஹிக்கடுவப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல். புதுச்சேரியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கலங்கிவிடும், மற்ற மாதங்களிலும் தெளிவு நாளுக்கு நாள் மாறும். சென்னையிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம் என்பதால் அடிக்கடி இறங்க அதுதான் வசதி. என்னைக் கேட்டால் மிதப்பைப் புதுச்சேரியிலும் படத்தை அந்தமானிலும் வைத்துக்கொள்வேன். விமானத்தில் திரும்புகிறவர்கள், பல டைவ் செய்திருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.

பயிற்றுநரிடம் என்ன கேட்பது?

ஒரு குழுவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்குக்கு மேல் என்றால் புகைப்படப் பயிற்சிக்குச் சரிவராது. "நீங்கள் எடுத்த படங்களைக் காட்டுங்கள்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படத்தில் மீன் பயந்திருக்கிறதா, இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பேத்தையை ஊத வைத்துப் படம் எடுத்திருந்தால் அந்த ஆள் வேண்டாம். கடல் குதிரையையோ சங்கையோ படத்துக்கு வாகாக நகர்த்தி வைப்பவரும் வேண்டாம். இந்தியாவில் கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை என்பது ஒருபுறம் இருக்கட்டும், அப்படிப்பட்டவரிடம் நீங்கள் கற்பதும் அதையேதான்.

பெரிய கிளாத்தி துரத்தும் என்கிறார்களே, உண்மையா?

முட்டையிட்டிருக்கும் நேரத்தில் உண்மைதான். டைட்டன் ட்ரிகர்ஃபிஷ் என்று சொல்லும் அந்தப் பெரிய வகை, மணலில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் காக்கும். தன் எல்லையாக அது நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் புனல் மாதிரியான இடம். பயந்து மேலே ஏறினால் இன்னும் அதன் எல்லைக்குள்ளேதான் இருப்பீர்கள். முதுகுத் துடுப்பின் முன் முள்ளை நிமிர்த்திக் காட்டினால் எச்சரிக்கை. அந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, ஆழத்தை மாற்றாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள், ஃபின்ஸை அதன் பக்கம் வைத்தபடி. என் இடது ஃபின்ஸின் ஓரத்தில் இரண்டு பல் தடம் இன்னும் இருக்கிறது.